மடிக்கு வராத பூனைகள்: கேள்வி பதில்

பதினோரு வருடமாகத் திருகோணமலை டச்பே பக்கத்துத் தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்வித்து, இடம் பார்த்துக் கொடுத்து வருகிறேன். இன்றைக்குப் பேச்சு வளர்ந்த, பாதி காட்டுப் பழக்கமுள்ள பூனைகளைப் பற்றி மட்டும்தான். குட்டிகளைப் பற்றி இன்னொரு நாள் கேளுங்கள்.

உப்புவெளி: பின்வளவுக்கு ஒரு பெட்டைப் பூனை இரண்டு வருடமாகச் சாப்பிட வருகிறது. கையை நீட்டினால் ஓடிவிடும். நாங்கள் வீடு மாறிப் போகிறோம். யாரிடம் கொடுக்கலாம் அக்கா?

தங்கச்சி, ஆளைத் தேடுமுன் இடத்தைத் தேடுங்கள். பிறந்து இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமைக்குள் மனிதக் கை படாத குட்டி, வளர்ந்த பிறகு மடியில் வந்து படுப்பது அரிது. தட்டு வைக்கிற சத்தத்துக்கு வருகிறதே, அதுதான் அதனுடைய சினேகிதம். "அன்பாகப் பழகும்" என்று விளம்பரம் போட்டால் கொண்டுபோனவர் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவருவார். "தொட விடாது, எலியைப் பார்த்துக்கொள்ளும், இரண்டு நேரம் சாப்பாடு வைக்க வேண்டும்" என்று உள்ளதை எழுதுங்கள். அரிசி ஆலை, பலசரக்குக் களஞ்சியம், மாட்டுப்பட்டி என்று விசாரியுங்கள்.

திருக்கடலூரில் வலை வைக்கிற கொட்டில் ஒன்றுக்குக் கறுப்பு வெள்ளைப் பெட்டை ஒன்றைக் கொடுத்தேன். எலி வலையைக் கடிக்கிறது என்றுதான் கேட்டார்கள். மூன்று வருடமாகியும் ஒருவரையும் தொட விடவில்லை. ஆனால் விடியப்புறம் வள்ளம் கரைக்கு வரும்போது, முன்கால்களைச் சுற்றி வாலை வைத்துக்கொண்டு மணலில் காத்திருக்கும். முதல் சூடை மீன் அதற்குத்தான்.

எங்கே கொடுத்தாலும் மூன்று கிழமை ஓர் அறையில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். மண் நிரப்பிய தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, பழைய இடத்து மணமுள்ள துணி, இவ்வளவு போதும். முதல் நாளே திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு அநுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு அடியில் மாட்டும்.

பாலையூற்று: அடைத்து வைத்த பூனை இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. பழகிவிடும்தானே?

இன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பூனை பட்டினி தாங்காது. சில நாள் உண்ணாமல் கிடந்தால் கொழுப்பு ஈரலில் படிந்து ஆளையே முடித்துவிடும். சூடையை உப்பு, மஞ்சள் போடாமல் அவித்து வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள், மணம்தான் பசியைக் கிளப்பும். உங்கள் யோசனையில் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும்.

சாம்பல்தீவு: சாக்கில் கட்டிக்கொண்டுபோய் மீன் சந்தையில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

மாரியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் அங்கே தலையும் இல்லை, குடலும் இல்லை. இருக்கிற கடுவன்கள் புதிதாக வந்ததைக் கடித்துக் குதறும். செய்யாதீர்கள்.

மட்டிக்களி: பிடிக்கும்போது கையில் பிறாண்டிவிட்டது. மஞ்சள் பூசினேன்.

மஞ்சளைக் கழுவுங்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம். அப்புறம் இன்றைக்கே ஆஸ்பத்திரி. விசர் நோய் பூனையாலும் வரும்.

நிலாவெளி: எத்தனை நாள் அடைத்து வைக்க வேண்டும்?

மூன்று கிழமை.

அலஸ்தோட்டம்: ஒரு கிழமை போதாதா? பாவமாகக் கத்துகிறது.

மேலே எழுதியிருக்கிறேன். மூன்று.

கிண்ணியா: ஆலைக்குப் பூனை வேண்டும். கருத்தடை செய்தது வேண்டாம். அது சோம்பேறி, எலி பிடிக்காது.

நானா, வேட்டை வேறு, சோடி தேடுவது வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். கருத்தடை செய்யாத கடுவன் இரவெல்லாம் ஊர் சுற்றும், இருக்கிற நேரத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் சிறுநீர் அடிக்கும். அந்த அரிசியை யார் வாங்குவது?

மூதூர்: நானா சொல்வது சரி. எங்கள் வீட்டுப் பூனை கருத்தடைக்குப் பிறகு தூங்குகிறதே தவிர வேறு வேலை இல்லை.

தம்பி, நீங்கள் நாளுக்கு எத்தனை தரம் சாப்பாடு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

மூதூர்: ஐந்து.

சரி.

கிண்ணியா: நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். போன வருடம் கருத்தடை செய்த இரண்டைக் கொண்டுவந்தேன். முதல் மாதம் நன்றாகத்தான் பிடித்தன. அப்புறம் மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின.

நானா, பல்முரசு வெளுத்திருந்ததா? மூக்கிலோ வாயிலோ இரத்தம் கண்டதா? ஆலையில் எலி மருந்து வைக்கிறீர்களா?

கிண்ணியா: மருந்து மூலைகளில் எப்போதும் இருக்கும். ஒன்றுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. ஏன்?

அது சோம்பல் இல்லை. இரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து அது. தின்ற எலி சாக சில நாளாகும். அதற்குள் தள்ளாடித் திரிகிற எலியைப் பூனை இலகுவாகப் பிடித்துத் தின்றுவிடும், மருந்து பூனைக்குள்ளும் போய்விடும். எலி பிடித்ததால்தான் உங்கள் பூனைகள் செத்திருக்கின்றன. அந்த நேரமே மிருக வைத்தியரிடம் போயிருந்தால் விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம்.

எல்லா மருந்தையும் எடுங்கள், செத்த எலிகளையும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்து நான் வந்து மூலைகளைப் பார்ப்பேன். கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனி வெட்டிய சோடி ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரித்துத் தர மாட்டேன். அடைத்து வைக்க ஓர் அறை ஒழித்து வையுங்கள்.