வேலை போய்விட்டது, பி.எஃப். பணத்தில் டீக்கடை வைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு 41 வயது, பாளையங்கோட்டை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் 11 வருடம் 7 மாதம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்தேன். கையில் 34,000 சம்பளம். அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 18,000. ஸ்டாக் கணக்கு உதைக்கிறது, பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று போன மாதம் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் உண்டாம், ஆனால் ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, மைய நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறேன். இது தெரியாமல் என் மனைவி போன வாரம்தான் டவுணில் மாதம் 3,000 ரூபாய் நகைச்சீட்டில் சேர்ந்தாள். வீட்டுக்கடன் தவணை 9,800, பிள்ளைகள் படிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 27,000 ஆகிறது. சேமிப்பு 60,000, பி.எஃப். சுமார் 4 லட்சம். மச்சினனுக்கு மட்டும் விஷயம் தெரியும். பைபாஸில் டீக்கடை பிரான்சைஸ் எடுக்கலாம், 6 லட்சம் ஆகும், பி.எஃபை எடுங்க அத்தான் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, டீக்கடையைக் கடைசியில் பேசுவோம். முதலில் இன்றைக்கு ராத்திரியே உங்கள் சம்சாரத்திடம் சொல்லிவிடுங்கள். குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், இது பணக் கணக்குதான். வரவு நின்றது தெரியாத ஒருவரிடம் செலவைச் சுருக்கச் சொல்ல முடியுமா? நகைச்சீட்டே சாட்சி. அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்குத் தெரிந்த சம்பளத்துக்கு அவர் திட்டம் போட்டிருக்கிறார். மச்சினனுக்குத் தெரிந்தது அக்காவுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அடுத்து அந்த ராஜினாமாக் கடிதம். இதில் அவசரப்படாதீர்கள். ராஜினாமா செய்தாலும் சரி, அவர்களே நிறுத்தினாலும் சரி, ஐந்து வருடம் தாண்டியவருக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று காரணம் காட்டி அதை நிறுத்த முடியாது. ஆனால் ஊழியரின் தவறால் கம்பெனிக்கு நஷ்டம் வந்து, அதற்காகவே அவரை நீக்கினால், அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: அவர்கள் டைப் அடித்துத் தரும் கடிதத்தில் 'ஸ்டாக் குறைவுக்கு நானே பொறுப்பு' என்ற மாதிரி ஒரு வரி ஒளிந்திருந்தால் கையெழுத்தே போடாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் உங்கள் கையால் இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். ராஜினாமா கொடுத்தபின் நீக்கத்தை எதிர்த்து வழக்காடுவது கஷ்டம். அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் முதலில் ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாருங்கள்.

கிராஜுவிட்டி எவ்வளவு வரும்? ஏழு மாதம் கூடுதலாக இருப்பதால் 12 வருடமாகவே கணக்கு. 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 12-ஆல் பெருக்கினால் 1,24,615 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும். இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

இந்தப் பணத்தோடு நோட்டீஸ் சம்பளம் 34,000, சேமிப்பு 60,000 சேர்த்தால் 2,18,615. மாதம் 27,000 என்றால் எட்டு மாதம் ஓடும். செலவை 23,000-க்குக் கொண்டுவந்தால் ஒன்பது மாதம் தாண்டும். இதைத் தொழிலுக்குப் போடும் 'முதல்' என்று நினைக்கிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். இது முதல் இல்லை தம்பி, இனி வரப்போகும் எட்டு மாதச் சம்பளம், அவ்வளவுதான். தனிக் கணக்கில் போட்டு, ஒன்றாம் தேதி 23,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

பி.எஃபைத் தொடாதீர்கள். நீங்கள் சும்மா இருந்தாலும் 58 வயது வரை அதற்கு வட்டி உண்டு. 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். பென்ஷன் பங்கு வேறு இருக்கிறது. பத்து வருடம் தாண்டிவிட்டதால் அதை மொத்தமாக எடுக்க முடியாது, ஓய்வூதியமாகத்தான் வரும். இப்போதைய 12 வருடத்துக்கு, சம்பளத்தில் 15,000 வரைதான் கணக்கு என்ற உச்சவரம்புப்படி மாதம் 2,571. அடுத்த கம்பெனியிலும் அதே யு.ஏ.என். எண்ணை (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) கொடுத்து 58 வரை தொடர்ந்தால் ஆறாயிரத்தைத் தாண்டும். பழைய கம்பெனி உங்கள் கடைசித் தேதியைப் பதிவு செய்யாவிட்டால் புது கம்பெனிக்கு பி.எஃப். மாற்றம் நடக்காமல் நிற்கும். கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனபின் போர்ட்டலில் நீங்களே அதைப் பதிந்துகொள்ளலாம்.

இனி வேலை. ஸ்டோர்ஸ் ஆளுக்கு நம்ம பக்கம் இப்போது கதவு மூடியில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் சோலார் ஆலை, டயர் ஆலை; தூத்துக்குடியில் துறைமுகக் குடோன்கள், 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை. இவற்றுக்குச் சரக்கு கொடுக்கும் சின்ன கம்பெனிகளையும் விடாதீர்கள், அங்கேதான் ஆள் சீக்கிரம் எடுப்பார்கள். 'ஏன் விட்டீர்கள்' என்று கேட்டால், ஸ்டாக் ஆடிட்டில் கருத்து வேறுபாடு, பிரிந்துவிட்டோம் என்று ஒரே வாக்கியம் போதும். பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. அங்கே உங்களோடு வேலை பார்த்து வேறு கம்பெனிக்குப் போனவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

சம்பளம் குறைகிறதே என்று உள்ளூர் வேலையைத் தள்ளாதீர்கள். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் 40,000 கிடைக்கிறது என்று வையுங்கள். அறைக்கும் மெஸ்ஸுக்கும் 11,000, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக 2,500. வீட்டுக்கு வருவது 26,500. கங்கைகொண்டானில் 28,000 கிடைத்தாலே அதற்குச் சமம், ராத்திரி பிள்ளைகளோடு சாப்பிடலாம்.

வீட்டுக்கடன் தவணை பவுன்ஸ் ஆவதற்கு முன்பே வங்கி மேனேஜரை எழுத்தில் அணுகுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியல், பிறகு பேச்சுக்கு மதிப்பில்லை. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் முடியும் முன், அதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தனிப் பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள். ரொம்ப நெருக்கடி வந்தால் வங்கியில் நகைக்கடன். கந்துவட்டி வாசலுக்கு மட்டும் போகக் கூடாது. 2003-லேயே தடைச்சட்டம் வந்தும், 2017 அக்டோபரில் நம்ம கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நெல்லைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டீக்கடை. 6 லட்சம் என்பது கடை திறக்கும் வரைக்கும்தான். அட்வான்ஸ், வாடகை, மாஸ்டர் சம்பளம், பால் பாக்கி என்று முதல் ஆறு மாதம் கையைக் கடிக்கும், அப்போது வீட்டுத் தவணையை எதில் கட்டுவீர்கள்? ஆசை நிஜம்தான் என்றால், தெரிந்தவர் கடையில் விடிகாலை நாலு மணிக்குப் போய் ஒரு மாதம் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள். பிறகும் பிடித்திருந்தால் பி.எஃப். இல்லாமலே வழி இருக்கிறது. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடனில், பெண்கள் பெயரில் என்றால் கைப்பணம் 5 சதவீதம் போதும், நகர்ப்புறத்தில் மானியம் 25 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் உங்கள் சம்சாரத்தோடு போய் விசாரியுங்கள். அதன்பின் மறுபடி எனக்கு எழுதுங்கள், மச்சினன் தன் பங்குக்கு எவ்வளவு போடுகிறார் என்பதையும் சேர்த்து.