டெலோஸின் அமைதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் இந்த ஆகஸ்டில் கிரேக்கத்தின் மிகோனோஸ் தீவுக்குச் சென்றிருந்தோம். பக்கத்திலுள்ள டெலோஸ் தீவின் இடிபாடுகளைப் பார்க்கவேண்டும் என்பது மட்டுமே என் ஆசை. நண்பர்களோ பாரடைஸ் கடற்கரையில் விடியும்வரை ஆடிவிட்டு நண்பகல்வரை தூங்கினார்கள். முதல்நாள் துறைமுகத்துக்குப் போனபோது காற்று பலமாக இருந்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். அன்று ஒருவன் மட்டும் இரவெல்லாம் தூங்காமல் என்னுடன் வந்திருந்தான். மறுநாள் தனியாகவே சென்றேன். டெலோஸின் புனிதமான அமைதி என்னை உருக்கிவிட்டது. திரும்பிவந்து அந்த இரைச்சலைக் கேட்டபோது அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லப்போய் சண்டையாகி, இப்போது யாரோடும் பேச்சில்லை. ரசனை ஒவ்வாதவர்களுடன் பயணம் செய்வது சரியா? கூட்டமில்லாத கிரேக்கத் தீவுகள் எவை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இடிபாடுகளின் அமைதியை நாம் ஏன் உடனே புனிதம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. ரசனை ஒத்தவர்களோடுதான் ஊர்சுற்ற வேண்டுமா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பணம், தூக்கம், சாப்பாடு மூன்றிலும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள முடிந்தவர்கள் சேர்ந்து போகலாம், அவ்வளவுதான். ஆனால் டெலோஸைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் அங்கே கேட்ட அமைதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ மூன்றரை சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சிறு தீவு அவர்களின் கடவுளான அப்பல்லோ பிறந்த இடம் என்பதால் கிரேக்கர்களுக்குப் புண்ணியத்தலம். கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்து எதிரிலுள்ள ரினியா தீவுக்குக் கொண்டுபோனார்கள்; இனி அந்த மண்ணில் எவரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று விதித்தார்கள். நிறைமாதப் பெண்களும் உயிர் பிரியும் நிலையில் இருந்தவர்களும் படகேற்றி அனுப்பப்பட்டார்கள். இதுவரை உங்கள் மனதிலுள்ள சித்திரத்தோடு எல்லாம் பொருந்திப்போகும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கி.மு. 166 வாக்கில் ரோமானியர்கள் டெலோஸைச் சுங்கமில்லாத் துறைமுகமாக ஆக்கினார்கள். இத்தாலியர்கள், சிரியர்கள், எகிப்தியர்கள், இன்றைய பெய்ரூத்திலிருந்து வந்த வணிகர்கள், யூதர்கள் என்று மத்தியதரைக்கடல் முழுவதும் அங்கே குவிந்தது. அப்பல்லோவின் தீவில் எகிப்தியத் தெய்வங்களான ஐசிஸுக்கும் செராபிஸுக்கும் சிரியத் தெய்வங்களுக்கும் கோயில்கள் எழுந்தன. வந்திறங்கும் அடிமைகளில் பல்லாயிரம் பேரை ஒரே நாளில் விற்று அனுப்பக்கூடிய சந்தை அது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஆட்டமும் பாட்டும் மதுவும், விலை பேசும் குரல்களும், விலைபோன மனிதர்களின் அழுகையும் சேர்ந்த அந்தப் பேரோசைக்கு முன்னால், பரப்பில் 25 மடங்கு பெரிய இன்றைய மிகோனோஸ் எம்மாத்திரம்? கி.மு. 88-இல் ரோமை எதிர்த்த பொன்டஸ் அரசன் மித்ரிடாட்டிஸின் படை வந்தது. டெலோஸிலும் பிற இடங்களிலுமாக 20,000 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் அப்பியன். கி.மு. 69-இல் கடற்கொள்ளையர்கள் மிச்சத்தையும் சூறையாடினார்கள். இறப்பதற்கே தடையிருந்த மண்ணில் இத்தனையும் நடந்திருக்கிறது. உங்களை உருக்கிய அந்த அமைதி அங்கே யாரும் தவமிருந்து ஈட்டியதல்ல. அது கொள்ளைபோன ஊரின் அமைதி. அதன்முன் உருகுங்கள், நானும் உருகியிருக்கிறேன். ஆனால் அதை எடுத்துவந்து உயிரோடிருக்கும் நான்கு இளைஞர்களின் ஆட்டத்தின்மேல் வீசாதீர்கள்.

டெலோஸின் வழிபாடே நண்பர்களின் ஆட்டத்தில் தொடங்கியது என்று சொல்லும் கதையும் உண்டு. கிரீட் தீவின் சுழல்வழி மாளிகையில் மாட்டுத்தலை அரக்கனைக் கொன்ற ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ், தன்னோடு உயிர்தப்பிய இளைஞர்களுடனும் பெண்களுடனும் ஊர்திரும்பும் வழியில் டெலோஸில்தான் இறங்கினான். கொம்புகளால் ஆன பலிபீடத்தைச் சுற்றி, அந்த மாளிகையின் வளைவு நெளிவுகளைக் காட்டும் கொக்கு நடனத்தை அவர்கள் ஆடினார்கள் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். செத்துப்போயிருக்க வேண்டியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி ஆடியிருக்கிறார்கள். எவ்வளவு சத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

அந்த மீட்சிக்கு நன்றியாக ஏதென்ஸ் ஆண்டுதோறும் டெலோஸுக்கு ஒரு கப்பலை அனுப்பியது. அது போய்த் திரும்பும்வரை நகரில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படக் கூடாது. கி.மு. 399-இல் சாக்ரடீஸின் வழக்கு விசாரணைக்கு முந்தைய நாள்தான் அந்தக் கப்பலின் பின்புறத்துக்கு மாலை சூட்டினார்கள். எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால் பயணம் வெகுநாள் நீளும் என்று பிளேட்டோ எழுதுகிறார். சாக்ரடீஸுக்குக் கூடுதலாகக் கிடைத்தது முப்பது நாள் என்பது அவருடைய இன்னொரு மாணவரான செனபோனின் கணக்கு. அந்த முப்பது நாளும் நண்பர்கள் சிறைக்குப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். டெலோஸ் உலகத்துக்கு அளித்தவற்றில் ஆகப்பெரியதாக நான் நினைப்பது இதைத்தான்: நண்பர்கள் சேர்ந்திருப்பதற்குக் கிடைத்த சில நாட்கள். உங்களுக்கும் படகு நின்றுபோன ஒரு காலைப்பொழுது கிடைத்தது. கோடையில் மெல்டெமி என்னும் வடகாற்று வீசும்போது டெலோஸ் படகுகள் நிற்பது அங்கே வாடிக்கை. இரவெல்லாம் ஆடிக் களைத்த ஒருவன், இடிபாடுகளில் துளியும் ஆர்வமில்லாதவன், உங்களுக்காகத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பழைய துறைமுகத்தில் வந்து நின்றிருக்கிறான். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் அதுதான். அவனிடம் அன்று என்ன பேசினீர்கள்? ஒரு காப்பியாவது வாங்கிக்கொடுத்தீர்களா?

நான் மிகோனோஸ் போனபோது என்னோடு வந்த நண்பர் கட்டடக் காண்டிராக்டர். படிப்பில் நாட்டமில்லாதவர், ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். விடிகாலைவரை ஆடிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எங்களுடன் படகேறினார். மொசைக் தரைகளையும் நக்ஸோஸ் தீவுக்காரர்கள் காணிக்கையாக வைத்த பளிங்குச் சிங்கங்களையும் மரியாதைக்குப் பார்த்துவைத்தார். அரங்கின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு பெரிய நிலத்தடித் தொட்டி இருக்கிறது. மேல்கூரை போய்விட்டது, அதைத் தாங்கிய கருங்கல் வளைவுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, அடியில் பச்சைத் தண்ணீர். அவர் குனிந்து வளைவுகளின் இடைவெளியைக் கையால் அளந்தார். பிறகு அரங்கின் இருக்கைச் சரிவைத் திரும்பிப் பார்த்து, "மழைத்தண்ணி மொத்தமும் அந்தப் படிக்கட்டுல வழிஞ்சு இங்கதான் வருது சார், நாடகம் பாக்குற எடமே இவனுங்களுக்கு ஏரியோட நீர்ப்பிடிப்பு மாதிரி" என்றார். வற்றாத ஆறில்லாத பாறைத்தீவில் அத்தனை மக்கள் எதைக் குடித்து வாழ்ந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் கண்முன் தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு வீட்டின் முற்றத்தடியிலும் இருந்த தொட்டிகளை அவரே தேடித்தேடிக் காட்டினார். அன்றிரவு மறுபடியும் ஆடப்போனார். அவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் நால்வரில் யாருக்கு எந்தக் கண் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நீங்கள் முயன்றதாகவே தெரியவில்லை. ரசனை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு பட்டியல். அது நல்ல பட்டியல்தான், நான் குறைசொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியதுதான் பிழை. உங்களுக்கு அவர்கள் வேண்டும் என்பது கடிதத்தின் கடைசி வரிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

கூட்டமில்லாத தீவு கேட்டிருந்தீர்கள். நக்ஸோஸுக்குப் போங்கள். மிகோனோஸிலிருந்து அதிவேகப் படகில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளையும் வளமான தீவு, மலை கிராமங்களும் நல்ல கடற்கரையும் உண்டு. துறைமுகத்தை ஒட்டி, கட்டிமுடிக்கப்படாத கோயில் ஒன்றின் பளிங்கு வாசல் மட்டும் நின்றுகொண்டிருக்கும். செப்டம்பர் பாதிக்குமேல் போனால் காற்றும் விலையும் தணிந்திருக்கும். ஐந்து பேருக்குமாகச் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். முன்பணத்தை நீங்கள் கட்டுங்கள்.

அன்புடன்.