அக்கி மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தலாமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மாமியாருக்கு இடுப்பில் அக்கி. டாக்டர் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று நாளாகியும் எரிச்சல் அடங்கவில்லை. ‘மருந்து கேட்கலை, வேப்பிலையே போதும்’ என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?”

விட வேண்டாம். ஏழு நாளும் கொடுங்கள்.

அக்கி சின்னம்மை வைரஸின் வேலை. அது ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகும் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வரும். கொப்புளம் ஒரே பக்கமாகப் பட்டையாக வருவது அதனால்தான்.

இந்த வைரஸால் தனியாகப் புரதம் செய்ய முடியாது. அதன் டிஎன்ஏ நம் செல்லின் உட்கருவுக்குள் போகிறது. நம்முடைய நொதியே அதைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுக்கிறது, நம்முடைய ரைபோசோம்களே அதிலிருந்து புரதம் செய்கின்றன. அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில், மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்கள். அடுத்து, டிஎன்ஏவைப் பெருக்கும் நொதிகள். வைரஸுக்குக் கூடாகவும் உறையாகவும் ஆகிற புரதங்கள் கடைசியில்தான் பெருமளவில் வரும்.

அசைக்ளோவிர் அந்த இரண்டாம் கட்டத்தைப் பிடிக்கிறது. அப்போது உருவாகும் தைமிடின் கைனேஸ் என்ற வைரஸ் நொதிதான் மருந்தை முதலில் தூண்டிவிடுகிறது. பிறகு அந்த மருந்து, வளரும் வைரஸ் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். நூல் அறுந்த பூச்சரம் போல, அதற்கு மேல் எதுவும் கோக்க முடியாது. அந்த நொதி இல்லாத நல்ல செல்களில் மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். எத்தனை அழகான ஏற்பாடு! இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

ஆக, மாத்திரை பெருக்கத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே புண்பட்ட நரம்பை ஆற்றாது. எரிச்சல் தொடர்வதால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எரிச்சலுக்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். சில மணி நேரத்திலேயே மருந்து உடலைவிட்டுப் போய்விடும், அதனால்தான் ஐந்து வேளை. வேளை தவறக் கூடாது. சிறுநீரகத்துக்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் தலைமாட்டில் வேப்பிலை வைப்பதும் தாராளமாக நடக்கட்டும். உடைந்த கொப்புளத்தில் மட்டும் அரைத்துப் பூச வேண்டாம். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கிட்டே வரக் கூடாது. அப்புறம், நம் தென்னாப்பிரிக்காவில் இளவயதினருக்கு அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. நெற்றி, மூக்கு நுனி, கண் பக்கம் கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், பார்வை போகலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் புதுக் கொப்புளம் கிளம்பினாலும் அப்படித்தான்.