சமதரையில் பழகியவனை மலைக்கு அனுப்பும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உயர்தரம் முடித்த உங்கள் மகன் லொறிதான் ஓட்டுவேன் என்று நிற்கிறான், ஊர் என்ன சொல்லும் என்பது முதல் பக்கம். பத்திரமாக வீடு வந்து சேருவானா என்பது இரண்டாம் பக்கம். ஊரின் வாய்க்கு என்னிடம் மருந்தில்லை. அந்த ஊர் உண்ணும் சோறும் யாரோ ஒருவருடைய பிள்ளை லொறியில் ஏற்றி இறக்கியதுதான். இரண்டாம் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில்.

அவனிடம் இருப்பது பி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் என்கிறீர்கள். அது வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,500 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் 17,000 கிலோ வரை சி1, அதையும் தாண்டினால் சி. "கிட்டத்தான், எடுத்துக்கொண்டு போ தம்பி" என்று முதலாளி சாவியை நீட்டுவார். விபத்து நடந்தால் காப்புறுதி கைகழுவிவிடும். நீதிமன்றப் படியேறுவது சாரதி. மண் ஏற்றும் டிப்பர் என்றால், மண்ணுக்குரிய அனுமதிப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் சாவியைத் தொடவே கூடாது.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. நம் மட்டக்களப்பு மாவட்டம் சமதரை. கல்லடிப் பாலம்தான் உங்கள் மகன் கண்ட ஏற்றம். முதல் நடையே கண்டிக்கு என்றால், மகியங்கனைக்கு அப்பால் மலைப்பாதையில் பதினெட்டு கொண்டையூசி வளைவு காத்திருக்கிறது. போகும்போது லொறி முனகிக்கொண்டு ஏறிவிடும். திரும்பும்போதுதான் சோதனை: முதுகில் சுமை, முன்னால் பள்ளம், மனதில் வீட்டு நினைவு. புதியவன் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவான். சில வளைவுகளுக்குள் கருகும் நாற்றம் மூக்கில் ஏறும். சூடேறிய பிரேக் அதன்பின் பிடிக்காது; கால் இறங்கும், வேகம் இறங்காது. பழகிய சாரதி ஏறிய கியரிலேயே இறங்குவார். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் துணைக்கு மட்டும். பாதி வழியில் கியர் மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் கியர் திரும்ப விழாமல் போகலாம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளவிடச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் அவரிடம் வேலை வேண்டாம்.

ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன், முதல் ஆறு மாதம் யாருடைய பக்கத்தில் இருப்பான் என்று கேளுங்கள். உதவியாளாகத் தொடங்குவதை மானக்குறைவாக நினைக்க வேண்டாம். நல்ல சாரதி காலையில் ஒரு கட்டையால் சில்லுகளைத் தட்டிக்கொண்டே வருவார். காற்றுக் குறைந்த டயர் தொப்பென்று வேறு சத்தம் தரும். பின்பக்கத்து இரட்டைச் சில்லுகளுக்கிடையில் கல் செருகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். நெல் மூட்டை ஏற்றினால் சில மைல் போனதும் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்குவார், ஆட்டத்தில் மூட்டைகள் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

அறுவடைக் காலத்தில் நடைக்கு நடை காசு, ஆகவே தூக்கம் போய்விடும். பொலன்னறுவைக்குப் போகும் வழியில் புணானை, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை நடுவீதியில் நிற்கும். சொக்கும் கண்ணுக்கு அது இருட்டோடு இருட்டு. கண் கட்டினால் ஓரங்கட்டித் தூங்க விடும் முதலாளியா என்று அங்கே ஓடுகிறவர்களிடமே விசாரியுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் அவன் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். "நம்ம பிள்ளைதானே" என்று சொல்லி இதை மறைப்பவர்கள் உண்டு.

கட்டாருக்கு வேலைக்குப் போகும் கதையையும் எழுதியிருந்தீர்கள்; அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அடுத்த வாரம் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலாளி தருவதாகச் சொன்ன லொறியின் மொத்த எடையைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.