நாள் பூரா தின்றும் பசி அடங்கவில்லையா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன், வயது 31. காலையில் டீயும் ரஸ்க்கும்தான். பட்டறையில் நாலைந்து டீ, கூடவே பன்னோ முறுக்கோ. மதியம் சாதம், சாயங்காலம் இரண்டு மூன்று தட்டுவடை செட். ராத்திரி ஒன்பது மணிக்கு அகோரப் பசியில் பரோட்டா. நாள் பூரா வாய் ஓயவில்லை, ஆனாலும் பசி அடங்குவதில்லை, தொப்பை மட்டும் ஏறுகிறது. இப்போது எடை குறைய ராத்திரியில் ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கிறேன். சோற்றையும் நிறுத்திவிடவா அக்கா? (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: தம்பி, சோற்றை நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் உருப்படியாக வயிற்றில் நிற்கிற ஒரே சாப்பாடு அந்த மதியச் சாப்பாடுதான், அதையும் எடுத்துவிட்டால் சாயங்காலம் இன்னும் இரண்டு செட் கூடத்தான் இறங்கும்.

உங்களுக்கு நாக்கு அடங்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 வகை உணவுகளை, எல்லாவற்றையும் ஒரே 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்கு வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கு மேல் பசி தாங்கியது, வெண்ணெய் போட்டுச் செய்யும் குரோசானோ அந்த வெள்ளை ரொட்டி தாங்கியதில் பாதிகூடத் தாங்கவில்லை. கலோரி ஒன்றுதான், வயிற்றில் நிற்கிற நேரம்தான் வேறு. புரதம், நார்ச்சத்து, தண்ணீர் மூன்றும் உள்ள உணவு வயிற்றை நிரப்பி மெதுவாக இறங்கும். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் சேர்ந்தது கொஞ்சமாக இருக்கும்போதே கலோரியை ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசியைக் கிளப்பும்.

சரி, அந்த ஜவ்வரிசிக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மூரில் நிறையப் பேர் உடம்புக்கு இலகுவானது என்று நினைத்து இதைக் குடிக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து மில்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அது தொட்டியில் படிந்த பிறகு அந்த மாவைக் குருணையாக்கி வறுத்துக் காய வைக்கிறார்கள். கிழங்கில் இருந்த நார் எல்லாம் திப்பியாக ஒதுங்கி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது முழுக்க முழுக்க மாவுச்சத்து, நூறு கிராமுக்குச் சுமார் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. காய்ச்சலில் கிடக்கிறவருக்கு நல்லது, பண்டிகைக்குப் பாயசம் வையுங்கள், வெயில் காலத்தில் வடாம் போடுங்கள். தொப்பை குறைய ராத்திரிச் சாப்பாடாக மட்டும் வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் வறுத்த நிலக்கடலையை ஒரு கை நிறையப் பொடித்துப் போட்டு, காய்கறி சேர்த்து உப்புமாவாகக் கிண்டச் சொல்லுங்கள்.

டீக் கணக்கையும் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு கிராம், ஐந்து டீயில் 40 கிராம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, எனக்கும் அது பிடிக்காது. இரண்டோடு நிறுத்திக்கொண்டு பாதிச் சர்க்கரை போடச் சொல்லுங்கள்.

மாற்ற வேண்டியது காலைதான். அங்கே ரஸ்க் என்பதால்தான் பதினோரு மணிக்கு பன் தேவைப்படுகிறது, ராத்திரி பரோட்டா வரைக்கும் அதே பசி துரத்துகிறது. பட்டறைக்குக் கிளம்பும் முன் இரண்டு அவித்த முட்டையும் இரண்டு இட்லியும் சாப்பிடுங்கள். முட்டை இரண்டிலும் சேர்த்து 12 கிராம் புரதம், பக்கத்து நாமக்கல்லில் இருந்து வருகிறது, விலையும் கட்டுப்படியாகும். முட்டை சாப்பிடாதவர் என்றால் ராகிக் களியோ கம்பங்கூழோ, கூடவே கொள்ளுப் பருப்புக் கடைசல். பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தே சுண்டல் கொண்டு போங்கள், கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ, எதுவானாலும் சரி. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம் புரதமும் 12 கிராம் நாரும் இருக்கிறது, அதைத் தின்ற பிறகு டீக்கடை முறுக்குப் பாட்டில் கண்ணில் படாது. ஏற்காட்டுக் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் வரத்து இருக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள். பட்டர் ஃப்ரூட்டைப் பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டு ஜூஸ் அடிப்பது அந்தப் பழத்துக்கே செய்கிற அநியாயம், உப்பும் மிளகும் நறுக்கின வெங்காயமும் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. உள்ளே வைக்கிற துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் எல்லாம் நல்லதுதானே, மேலும் கீழும் இருக்கிற அந்தப் பொரித்த தட்டில்தான் எண்ணெய். ஒரு செட்டோடு எழுந்துவிடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாளில் தள்ளுவண்டியில் வேகவைத்த கடலைக்காய்.

ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டாம், ஏழரைக்கே முடித்துவிட்டால் நல்லது. இரண்டு தோசையும் நிறைய சாம்பாரும், அல்லது கொஞ்சம் சோறும் ஒரு கிண்ணம் கீரையும் பருப்பும். வேலை முடிய நேரமாகிற நாளில் ஆறு மணிக்கு எதையாவது உருப்படியாகச் சாப்பிட்டு வைத்தால் பரோட்டாக் கடையைத் தாண்டி வர முடியும்.

இதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தீராத பசி சர்க்கரை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர் வேறு. அடிக்கடி தாகம் எடுத்தால், ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் தள்ளிப் போடவே கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள், இந்த வாரமே காலையில் வெறும் வயிற்றில் போய்விட்டு வந்துவிடுங்கள்.