மாமியார் பெயர்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். மகனும் மருமகளும் பெங்களூரில் இருக்கிறார்கள். குழந்தை அசுவினி நான்காம் பாதமாம், 'லா' வரவேண்டுமாம். 'லாஸ்யா' என்று முடிவு செய்துவிட்டார்கள். கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் கூட்டியிருக்கிறார்கள். என் அம்மா பெயர் பழனியாத்தாள். அதை வைக்கலாமே என்றேன். "பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் அப்பா" என்கிறான் மகன். என் மனைவிக்கும் எங்கள் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்றுதான் ஆசை.

இந்த எண் கணிதத்தில் ஏதாவது உண்மை உண்டா? நம் கொங்குப் பக்கத்துப் பழைய பெயர்கள் திரும்பி வருமா? அந்தப் பெயர்களில் இருந்த மரியாதையை இன்றைய நாகரிகம் கொன்றுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

எஸ். பி., கோபி

அன்புள்ள அண்ணா,

பேத்திக்கு என் ஆசி. உங்கள் கடிதம் வந்ததற்கு இரண்டு நாள் முன்புதான் என் அம்மாவைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போய் வந்தேன். தோட்டத்துக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு இன்னும் என் அப்பத்தா பெயரிலேயே கிடக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் தணிவாகத்தான் கேட்டான், "உங்கள் மாமியார் பெயர் என்னங்க அம்மா?" என்று. அம்மாவுக்கு வயது 84. காது நன்றாகக் கேட்கும். பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். "மயிலாத்தாள்" என்று நான் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான். அப்பத்தா போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகிறது. அம்மா வாயால் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் மரியாதை என்ற சொல்லோடு வந்து நிற்கிறீர்கள்.

முதலில் எண் கணிதத்தை முடித்துவிடுகிறேன். அதில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டுவார்கள். நம் 247 எழுத்துகளுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. பிள்ளையைத் தமிழில் கூப்பிட்டு, அதன் அதிர்ஷ்டத்தை ஆங்கிலத்தில் எண்ணுகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. நட்சத்திர எழுத்தும் அப்படித்தான். 27 நட்சத்திரம், நான்கு நான்கு பாதம், 108 எழுத்து. அசுவினி நான்காம் பாதத்துக்கு 'லா'. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்கிறது தொல்காப்பியம். அப்படிப் பார்த்தால் அசுவினி நான்கில் பிறந்த பிள்ளைக்குத் தமிழில் பெயரே வைக்க முடியாது. போகட்டும். லாஸ்யம் என்றால் பார்வதி ஆடும் நளினமான கூத்து. பழனி ஆண்டவனுக்கு அம்மா முறை ஆகிறது. உங்கள் மகன் தெரியாமலே உறவுக்குள்தான் பெயர் வைத்திருக்கிறான்.

பழைய பெயர்களைப் பற்றி உருகியிருக்கிறீர்கள். எனக்கும் உருக்கம் உண்டு. மருதாசலம் என்றால் மருதமலை, சென்னியப்பன் என்றால் சென்னிமலை, அவிநாசியப்பன், வெள்ளியங்கிரி, பண்ணாரி. ஆளைக் கூப்பிட்டாலே அந்தக் குடும்பம் எந்தச் சாமிக்கு முடியிறக்கும் என்று தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பெயரும் பக்தியில் பிறந்தவை அல்ல. குப்பாயி, குப்புசாமி, பிச்சமுத்து எல்லாம் பயத்தில் பிறந்த பெயர்கள். முந்திய பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கியதாகப் பாவனை செய்து, எமனுக்குப் பிடிக்காத பெயராகப் பார்த்து வைத்தார்கள். தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும் வந்து பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதும் குப்பாயிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவள் திரும்பி வரவேண்டாம் என்றே நான் வேண்டிக்கொள்கிறேன்.

இனி என் பெயர்க் கதை. நான் பிறந்ததும் எனக்கு அப்பத்தா பெயரைத்தான் வைத்தார்கள். பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன், அதுதான் பேரன்; நற்றிணையிலேயே பிறந்த பிள்ளையைப் 'பெயரன்' என்று சொல்லும் பாட்டு இருக்கிறது. ஆக நான் மயிலாத்தாள். ஆனால் பெற்றவள் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, மாமியார் பெயர் அல்லவா? அதனால் எனக்கு வீட்டில் 'அம்மணி' என்று பெயர். அப்பா அவருடைய அம்மா பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட முடியாமல் அவரும் அம்மணி என்றே கூப்பிட்டார். ஐந்து வயதுவரை என் பெயர் எனக்கே தெரியாது.

1966-இல் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனாள். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். வாத்தியார் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. சின்ன வயது, சட்டைப்பையில் மைக்கறை.

"பிள்ளை பெயர் என்னம்மா?"

"அவள் அப்பத்தா பெயருங்க."

"சரி, அப்பத்தா பெயர் என்ன?"

"அதை நான் சொல்லக்கூடாதுங்களே."

வாத்தியார் என்னைக் கேட்டார். நான் "அம்மணி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "முருகன் ஏறி வருவாருங்களே, அதுங்க" என்றாள். "மயிலா?" "அதேதானுங்க. அப்புறம் அம்மாவுக்கு நாம் இன்னொன்று சொல்வோம் அல்லவா, அதையும் சேர்க்கணுமுங்க." வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். மயிலாத்தாள் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தார். பிறகு, "இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வைக்கிறார்கள் அம்மா, பெரிய பிள்ளையானால் அவளே வருத்தப்படுவாள். மல்லிகா என்று எழுதிவிடுகிறேன், முதல் எழுத்து மாறாது" என்று அவர்பாட்டுக்கு எழுதிவிட்டார். பிறந்த தேதியையும் அவரேதான் போட்டார், அது வேறு கதை.

அம்மா ஏன் தடுக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்குக் குறையாக இருந்தது. இப்போது இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. "மல்லிகா, முள் கிடக்கிறது, பார்த்து வா." "மல்லிகா, வேலிப்பக்கம் போகாதே." "மல்லிகா, இங்கே பார், கிளி." கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாதபோதும் கூப்பிட்டாள். பெற்ற பிள்ளையை ஐந்து வருடம் கழித்து முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள் அண்ணா. அவளுக்கு அப்போது 25 வயது. அப்பத்தா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

எங்கள் வீட்டில் மயிலாத்தாளை ஒழித்தது நாகரிகம் என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாகரிகம் என்பது அந்த மைக்கறை வாத்தியார் ஒருவர்தான், அதுவும் கடைசியில் வந்தவர். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயரை யாரும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தோம். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது, புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது, கொழுந்தனார் பெயரும் கூடாது. அதே பெயரைப் பேரனுக்கு வைத்தால், நாள் முழுவதும் அந்தப் பிள்ளையோடு கிடப்பவளுக்கு அதை உச்சரிக்க உரிமை இல்லை. கண்ணு, சாமி, தம்பி, அம்மணி என்றுதான் கூப்பிட முடியும். பள்ளிக்கூடம் வந்து எழுத்தில் ஒரு பெயர் கேட்டபோது, சுரேஷும் மல்லிகாவும் உள்ளே நுழைய நம் மரியாதையே வழி திறந்து வைத்திருந்தது.

இந்த மரியாதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. எழுத வராது. எனக்கும் எளிதாக வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர் பெயர் மாரன். என் அப்பாரு, அதாவது தாத்தா வயது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மாரா, அந்தப் பந்தை எடுத்துப் போடு" என்பேன். அவர் எடுத்துப் போடுவார். பெற்ற மகளைப் பெயர் சொல்லக் கூசிய அதே வீட்டில், தாத்தா வயதுக்காரரை ஒரு சிறுமி பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் கூசவில்லை. எங்கள் வீதியில் மாரப்பன், அவர்கள் வீதியில் மாரன். இங்கே குப்பண்ணன், அங்கே குப்பன். அவர்கள் பிள்ளைக்குப் பழனிச்சாமி என்று வைத்தாலும் எங்கள் வாய்க்குள் வந்தால் 'சாமி' உதிர்ந்து வெறும் 'பழனி'தான் வெளியே வரும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். நம் ஈரோட்டுக்காரர் அதற்கு முன்னால் நின்றார். பட்டத்தை வெட்டினார்கள், நல்லது. ஆனால் 'அன்'னுக்கும் 'அண்ண'னுக்கும் நடுவே இருந்த சாதியை எந்தத் தீர்மானம் வெட்டும்?

மாரன் அதற்கு ஒரு வழி கண்டார். கடைசி மகனுக்கு ரமேஷ் என்று பெயர் வைத்தார். எங்கள் பெரியப்பா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மாரன் மகன் ரமேஷாமா!" கடைசிவரை அவர் அந்தப் பையனை ரமேஷ் என்று கூப்பிடவில்லை, மாரன் பையன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ரமேஷைச் சுருக்க முடியவில்லை, வெட்ட முடியவில்லை. அவர்கள் வீதிக்கு ஒன்று, எங்கள் வீதிக்கு ஒன்று என்று அதில் இரண்டு வடிவம் இல்லை. அந்தப் பெயரை மட்டும் கேட்டால் எந்த வீதி என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் வைத்தார்.

பிற்பாடு அந்தப் பையன் படித்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக வந்தான். பெரியப்பா கரும்புப் பணம் வாங்கப் போயிருந்தார், நான் கூட இருந்தேன். கம்பிக்குப் பின்னால் மேசையில் 'மா. ரமேஷ்' என்று சின்னப் பலகை. பெரியப்பா பலகையைப் படித்தார், ஆளைப் பார்த்தார், ரசீதை உள்ளே தள்ளிவிட்டு, "சார்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. அந்த 'மா' என்ற எழுத்து மட்டும் என் கண்ணிலேயே நின்றது.

ஷ், ஜ், ஹ போட்டுப் பெயர் வைக்கிறவர்களைப் பார்த்துத் தமிழறிஞர்கள் கேலி பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எனக்கும் அந்த ஓசை பிடிக்காது. இளங்கோவன், தமிழரசி, கலைச்செல்வி என்று ஒரு தலைமுறை வைத்ததே, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயர்களும் ரமேஷ் செய்த வேலையைத்தான் செய்தன, இன்னும் அழகாகச் செய்தன, அவ்வளவுதான்.

திரும்பி வருமா என்று கேட்டீர்களே, கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் வராது. யாழினி, ஆதிரை, கவின் என்று இப்போது வைக்கிறார்கள். அவை புத்தகத்திலிருந்து வருகிற பழசு, பாட்டி வீட்டிலிருந்து வருவதில்லை. பெற்றவள் பெயரும் மாமியார் பெயரும் எந்தக் காலத்திலும் பழசாகத்தான் தெரியும். இன்னும் இரண்டு தலைமுறை போனால் மல்லிகா கிழவிப் பெயராகி, வள்ளியும் தெய்வானையும் குழந்தைப் பெயராகிவிடும். பழனியாத்தாளுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

மகனிடம் சண்டை போடவும் வேண்டாம். பிறப்பைப் பதிவு செய்த பிறகு பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமே கிடையாது, கட்டணத்தோடு 15 வருடம் வரை இடம் கொடுக்கிறார்கள். இத்தனை பெயர்களுக்காக உருகுகிற நீங்கள், உங்கள் பெயரை மட்டும் இரண்டு எழுத்தாகச் சுருக்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்திலாவது முழுசாக எழுதுங்கள்.

நேற்று ராத்திரி உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மனைவிக்கும் அதே ஆசை என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "அந்தப் பெண் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறதா, கேள்" என்றாள்.

கேட்டுவிட்டேன் அண்ணா. பதிலை அம்மாவுக்கே எழுதுங்கள்.