அப்பாவைக் கட்டிலில் மேலே நகர்த்தும்போது தோள் வலி

தம்பி, பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்த அப்பா, அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தால் கத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இழுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தளர்ந்த தசையால் தோள் மூட்டைப் பிடித்து வைக்க முடியாது, இழுக்க இழுக்க நழுவும்.

கெட்டியான பருத்தி விரிப்பு ஒன்றை மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் போடுங்கள். நைந்த லோஞ்சி (பர்மியக் கைலி) வேண்டாம், பாதியில் கிழியும். தலையணையை எடுத்துவிடுங்கள். அவர் நல்ல காலை மடக்கி ஊன்றி, தாடையை நெஞ்சோடு வைக்கட்டும். நீங்களும் அம்மாவும் இருபுறமும் நின்று, துணியை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். அவருக்குப் பேச வருமென்றால் மூன்று வரை அவரே எண்ணட்டும். எண்ணி முடித்ததும் சேர்ந்து நகர்த்துங்கள். தரதரவென்று இழுத்தால் தோல் உரியும்.

சாப்பிட்ட கையோடு மட்டமாகக் கிடத்த வேண்டாம்.

அப்புறம், பர்மாவின் மோல்மேன் நகர மழைக்காலப் புழுக்கத்தில் விரிப்பு ஈரமாகவே இருக்கும், அடிக்கடி மாற்றுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போது வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் தேய்க்காதீர்கள், நர்ஸிடம் காட்டுங்கள். தோள் வலியை டாக்டர் இந்த வாரமே பார்க்கட்டும்.